கூப்பிடு தூரத்திலிருந்து கண்காணாத சீமை வரை: தொலைவைச் சொல்லும் தமிழ்ச் சொல்லிணைகள்

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போனால், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பேர்போன கோயில் அங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் சிவனுக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று வடமொழிப் பெயர், வழித்துணைநாதர் என்று தமிழ்ப் பெயர். மிளகு மூட்டைகளோடு இந்த வழியே வந்த ஒரு வணிகர் கள்வருக்கு அஞ்சி வேண்டிக்கொள்ள, இறைவனே ஆள் உருவில் கூடவே நடந்து அவரைக் கரைசேர்த்தார் என்கிறது தலக்கதை. 16ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அப்பய்ய தீட்சிதர் இந்த வழித்துணைவர் மீது பாடிய வடமொழித் தோத்திரத்தைப் பயணம் புறப்படுமுன் சொல்வோர் இன்றும் உண்டு.

மேற்கே மைசூர் மேட்டுநிலம், கிழக்கே காஞ்சியும் கடற்கரையும். இரண்டுக்கும் நடுவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் மிதித்த பாதையில் இருக்கும் ஊர், தன் கடவுளுக்கு இப்படி ஒரு பெயரை வைத்திருக்கிறது. தொலைவு என்றதும் இந்த ஊருக்கு முதலில் தோன்றியது கூட வர ஒரு ஆள் வேண்டும் என்பது. எத்தனை காதம் என்ற கணக்கு அப்புறம்தான்.

தொலைவான இடத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்க்கிறது? ஏன் அப்படிச் சேர்க்கிறது? ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வரும் என்று பட்டியல் போட்டுக் கற்றுத் தருகிறார்கள். நம் மொழியில் அதே பட்டியலைப் போட்டுப் பார்த்தால், தொலைவு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது தெரியவரும். அதற்கு விரிஞ்சிபுரமும் அதைச் சுற்றியுள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வட்டாரமும் நல்ல இடம். இங்கிருந்து தொலைதேசம் போனவர்களும் தொலைவிலிருந்து இங்கே வந்தவர்களும் எண்ணற்றவர்கள்.

எந்தச் சொல்லுக்கு எது துணை

முதலில் பொதுவழக்கை வகைப்படுத்திக்கொள்ளலாம். தூரம் என்ற சொல்லோடு வெகு, நெடும், நீண்ட ஆகியவை சேரும். வெகுதூரம், நெடுந்தூரம் என்போம். பெருந்தூரம் என்றால் காதுக்கு ஒட்டாது. வழியும் சாலையும் பயணமும் ‘நெடு’ என்ற அடையை விரும்புகின்றன: நெடுவழி, நெடுஞ்சாலை, நெடும்பயணம். தேசம் என்றால் தூர தேசம், அந்நிய தேசம், கண்காணாத தேசம். ஊர் என்றால் பேர் தெரியாத ஊர், எட்டாத ஊர். காடு என்றால் ஆளில்லாத காடு, தண்ணியில்லாத காடு, அத்துவானக் காடு. கிராமம் என்ற சொல்லோ குக்கிராமம், மலைக்கிராமம், தொலைதூரக் கிராமம் என்று மூன்று வகையாகப் பத்திரிகைகளில் நடமாடுகிறது. உறவுக்காரர்கூட இதில் உண்டு. தூரத்து உறவு என்போமே தவிர நெடுந்தூர உறவு என்பதில்லை.

இந்த இணைகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் அவை நான்கு வழிகளில் பிறந்தவை என்று தெரிகிறது. உடம்பை அளவுகோலாக வைத்தவை ஒரு வகை. இரண்டு சொற்களைப் பிணைத்து ஒன்றும் விடாமல் அள்ளுபவை இன்னொரு வகை. அங்கே இல்லாத ஒன்றைச் சொல்லித் தொலைவைக் காட்டுபவை மூன்றாவது. எல்லையைத் தாண்டிய இடம் என்று சொல்பவை நான்காவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடம்பு அளந்த தூரம்

கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம், நடக்கிற தூரம், கைக்கெட்டும் தூரம். குரல், கை, கண், கால் என்று மனித உடம்பின் உறுப்புகளே இங்கே அளவுகோல். இவற்றுள் கூப்பிடு என்பது பேச்சுவழக்கோடு நின்றுவிடவில்லை. பழைய நீட்டலளவை வாய்பாட்டில் அது ஓர் அலகாகவே இருந்தது. நான்கு கூப்பிடு சேர்ந்தால் ஒரு காதம். ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவர் காதில் விழும் இடைவெளியை அலகாக வைத்து நாட்டையே அளந்திருக்கிறார்கள். நாழிகைவழி என்ற அலகு அதே தூரத்தைக் காலத்தால் அளந்தது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் போய்ச்சேரும் வழி அது. ‘அங்கே போக ரெண்டு மணி நேரம் ஆவும்’ என்று இன்றைக்கும் பேருந்துப் பயணத்தை நேரத்தால் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தின் வேர் இதுதான்.

இந்த வட்டாரத்துக்குத் தெற்கே தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்கிறது. அதோடு விடவில்லை. படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காக அதே எண்ணைக் குழிகளாகவும் பொறித்துவைத்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தே தூரத்தை அறிந்துகொள்ளலாம். நடப்பவரை மனத்தில் வைத்து அந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள்.

வட ஆற்காட்டுப் பேச்சில் இந்த உடம்புக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அந்தாண்ட’, ‘இந்தாண்ட’ என்று ஆற்றின் இரு கரைகளையும் பிரிப்பார்கள். ‘கோயிலாண்ட நிக்கிறேன்’ என்றால் கோயிலுக்கு அருகில். அண்டை என்ற சொல்தான் இப்படிக் குறுகி ஒட்டாகிப்போனது. அண்டையோடு ‘அந்த’ சேர்ந்ததும் அப்பால் என்ற பொருள் வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவைச் சொல்லக்கூட இந்த வட்டாரம் அருகாமைக்குரிய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒன்றும் விடாத இரட்டைகள்

பட்டிதொட்டி, மூலைமுடுக்கு, காடுமேடு, காடுகரை, நாடுநகரம், ஊர்உலகம். இவை இணைமொழிகள். ஒவ்வொரு சொல்லும் தனியாக நின்றால் ஒரு சிறு இடத்தைத்தான் குறிக்கும். பட்டி என்றால் சிற்றூர், ஆட்டுக்கிடை என்ற பொருளும் உண்டு. தொட்டி தனியே நின்றால் தண்ணீர்த் தொட்டியைத்தான் நினைவூட்டும். இரண்டும் சேர்ந்தவுடன் ‘ஓர் ஊரையும் விட்டுவிடாமல்’ என்ற பொருள் பிறக்கிறது. மூலை ஓரிடம், முடுக்கு குறுகிய சந்து. சேர்ந்தால் உலகம் முழுக்கத் தேடிய களைப்பு அதில் வந்துவிடுகிறது.

இந்த இணைகள் எப்போதும் ஒரு வினையைத் தேடி நிற்கின்றன. பட்டிதொட்டியெல்லாம் பரவியது, மூலைமுடுக்கெல்லாம் தேடினான், காடுமேடெல்லாம் அலைந்தாள். யாரும் ‘ஒரு மூலைமுடுக்கில் வசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. தேடிப் போகிறவரின் சொற்கள் இவை, இருக்கிறவரின் சொற்கள் அல்ல. ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமான தொடர் ‘நுக் அண்ட் க்ரானி’. இந்தியர்களின் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ‘நுக் அண்ட் கார்னர்’ என்று வரும். மூலையைக் கைவிட நம் மனம் ஒப்புவதில்லை போலும்.

ஏழு கடல், ஏழு மலை தாண்டி என்ற கதைத்தொடரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அந்த ஏழு ஓர் எண்ணிக்கை அன்று. பாட்டி கதை சொல்லும்போது குழந்தையின் கண்முன் வழியை நீட்டிக்கொண்டே போகும் உத்தி அது. அவ்வளவு தாண்டியும் இளவரசன் போய்ச் சேர்ந்துவிடுவான். நம் கதைகளில் போய்ச் சேர முடியாத இடம் அரிது.

இல்லாததைச் சொல்லி

மூன்றாவது வகைதான் தமிழில் மிகச் செழிப்பானது. கண்காணாத தேசம், எட்டாக் கை, ஆளரவமற்ற காடு, ஈ காக்காய் இல்லாத இடம், பேர் தெரியாத ஊர், தண்ணியில்லாக் காடு. எல்லாமே எதிர்மறை. அங்கே என்ன இருக்கிறது என்று இவற்றுள் ஒன்றாவது சொல்வதில்லை. எனக்கு அங்கே எது இருக்காது என்பதையே சொல்கின்றன. என்னைப் பெற்றவர்கள் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். என் குரலுக்குப் பதில் வராது. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அரசு ஊழியர் பேச்சில் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க’ என்பது தண்டனை இடமாற்றத்தின் பெயர். அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் இறைத்துக் குடித்து வாழ்கிறவர்களை அந்தத் தொடர் கண்டுகொள்வதே இல்லை.

அத்துவானம் என்ற சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. வடமொழியில் அத்வன் என்றால் வழி, பாதை. தமிழுக்கு வந்த பிறகு அது மனித நடமாட்டமற்ற வெளியைக் குறிக்கலாயிற்று. வழி என்ற சொல்லே வழியற்ற இடமாக மாறிய விந்தை இது. இரண்டு ஊர்களுக்கு நடுவே நீண்டுகிடக்கும் வெறும்பாதையில் தனியே நடந்த யாருக்கும் அந்த மாற்றத்தின் காரணம் விளங்கும்.

தொலை என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தொலைதல் என்றால் காணாமற்போதல், அழிந்துபோதல், தீர்ந்துபோதல். தொலைவு என்றால் தூரம், இழப்பு என்ற இரண்டு பொருளும் உண்டு. தொலைந்து போ என்று வைவதும் தொலைவு என்று அளப்பதும் ஒரே வேரிலிருந்து. தொலைபேசி, தொலைக்காட்சி என்று புதுச்சொல் ஆக்கியவர்கள் அந்த வேரிலிருந்து இழப்பை நீக்கி, தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ‘புள்ள தொலவா போயிட்டான்’ என்று ஒரு தாய் சொல்லும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

மொழி மாறும் இடம்

நான்காம் வகை, எல்லை தாண்டிய இடம். இதில் மிகப் பழையது சங்க இலக்கியம் தந்த தொடர்: மொழிபெயர் தேயம். தமிழ்ப் பேச்சு ஓய்ந்து வேறு மொழி தொடங்கும் நிலம் என்று பொருள். பொருள் தேடிப் பிரிந்து சென்ற தலைவன் வேங்கடத்துக்கு அப்பால் இருக்கிறான் என்பதை அகநானூற்றுப் பாலைப் பாடல்கள், சிறப்பாக மாமூலனாரின் பாடல்கள், இப்படிச் சொல்கின்றன. தலைவன் போன இடம் எத்தனை காதம் என்று தலைவிக்குத் தெரியாது. அவன் பேச்சுத்துணை இல்லாத இடத்தில் இருக்கிறான் என்பது தெரியும். காதலனின் தொலைவை மொழியால் அளந்தது தமிழின் பெரும் கண்டுபிடிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

வேங்கடம் என்ற திருப்பதி மலை விரிஞ்சிபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில்தான் இருக்கிறது. அதாவது சங்கப் பாடல்கள் நெடுந்தொலைவின் விளிம்பாகக் கண்ட இடம் இந்த வட்டாரத்துக்கு அக்கம்பக்கம். பாலாறு கருநாடகத்து நந்தி மலையருகே பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்று மொழிகளின் கரைகளைக் கடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் கடைத்தெருக்களில் தமிழோடு உருதும் தெலுங்கும் சரளமாகக் கேட்கும். மொழி பெயர்வது இங்கே ஊரின் எல்லையில் அல்ல, ஒரே தெருவின் இரண்டு கடைகளுக்கு நடுவில்.

இது இன்று நேற்று வந்த கலப்பல்ல. விரிஞ்சிபுரம் கோயிலில் சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. விசயநகரத்துத் தேவராயர் காலத்தது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் கூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாக மட்டுமே செய்வோம், பெண்ணுக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. அதில் ஒப்புக்கொண்டவர்களின் வரிசையில் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று நான்கு கூட்டத்தாரும் இடம்பெறுகிறார்கள். இலாளர் என்போர் லாட தேசமான குசராத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பேச்சுமொழி வெவ்வேறாக இருந்தும் ஒரே கோயிலில் கூடி, ஒரே கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறார்கள். மொழிபெயர் தேயத்தார் பக்கத்து வீட்டுக்காரராகிவிட்டால், தொலைவு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டியதுதான்.

சீமையும் அக்கரையும்

சீமை என்ற சொல் எல்லை என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது. பிறகு எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்தது. சிவகங்கைச் சீமை என்பது அப்படி. வெள்ளைக்காரர் ஆட்சியில் சீமை என்றாலே இங்கிலாந்து என்றாயிற்று. கப்பலில் வந்திறங்கிய எல்லாவற்றுக்கும் அது அடைமொழியானது: சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்பு, சீமைப் பசு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முள்மரம் சீமைக் கருவேலம் ஆனது. நம் ஊருக்குள் இருந்த எல்லை கடலுக்கு அப்பால் போய், திரும்பி வந்து நம் அடுப்பங்கரையிலும் வேலியோரத்திலும் குடியேறிய கதை இது.

அக்கரைச் சீமை என்பது போகிறவர்களின் சொல். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதன் பின் ஐம்பது ஆண்டுகளில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னை வழியே போனவர்களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தவர் கணிசமானவர்கள். நேட்டால், மொரீசியசு, பினாங்கு, ரங்கூன் என்ற பெயர்கள் ஊரில் பேசப்பட்டன. ஆனால் அங்கே போனவர்களின் குடும்பத்தார் வாயில் வந்த இணை ‘கண்காணாத சீமை’தான். வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே அவர்களுக்கு முதன்மையான செய்தி.

தோல் தொழில் இதே வட்டாரத்தை வேறு விதமாகக் கடலோடு இணைத்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போயிற்று. கொல்லையோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரையை உரித்த பட்டை சீமைக்குப் பயணம் போனது என்று சொல்லலாம். 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு, பதனிட்டு முடித்த தோலும் ஷூவும் ஷூ மேற்பாகமும் போகத் தொடங்கின. ஆம்பூர்ச் சாலையில் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் பேச்சில் இன்று சீமை இல்லை. ‘ஷிப்மென்ட் இருக்கு’, ‘பையர் வராங்க’, ‘ஜெர்மனி ஆர்டர்’ என்கிறார்கள். தூர தேசம் அவர்களுக்கு ஒரு கெடு நாள். அந்தத் தேதிக்குள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்பதால் மிகைநேர வேலை. வாழ்நாளில் பார்க்கப்போகாத ஓர் ஊரின் கால் அளவு அவர்கள் கைக்கு மனப்பாடம். இந்த நெருக்கத்தைச் சொல்லத் தமிழில் இன்னும் ஒரு சொல்லிணை பிறக்கவில்லை. பிறக்க வேண்டும்.

ஆங்கிலம் தந்த கண்ணாடி

இனி ஆங்கில இணைகள். தொலைவான கிராமத்துக்கு ஆங்கிலத்தில் முதலில் வரும் அடை ‘ரிமோட்’. அது ‘அகற்றப்பட்டது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபார் ஃப்ளங்’ என்றால் தூர வீசியெறியப்பட்டது. ‘ஆஃப் த பீட்டன் ட்ராக்’ என்றால் பலர் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகியது. ‘மிடில் ஆஃப் நோவேர்’ என்றால் இடமே இல்லாத இடத்தின் நட்டநடு. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. எங்கோ ஒரு நடுவிடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் இந்த ஊர் விலகிக் கிடக்கிறது. நடுவிடத்தில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் அந்தத் தொடர்கள் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த நடுவிடம் சென்னைப் பட்டணம். அதற்கு வெளியே உள்ள எல்லாமே ‘மொபசல்’. அரபு, பாரசீக வழியே வந்து ஆட்சிமொழியில் புகுந்த சொல் அது. வேலூரும் விரிஞ்சிபுரமும் மதுரையும்கூட மொபசல்தான். 2002இல் கோயம்பேட்டில் திறந்த பேருந்து நிலையத்துக்கு வைத்த ஆங்கிலப் பெயரிலும் அந்தச் சொல் இடம்பெற்றது. சென்னைக்கு வெளியே இருக்கும் தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

இன்று பேச்சில் அந்த இடத்தை ‘இன்டீரியர்’ பிடித்துக்கொண்டது. ‘அந்த ஊரு ரொம்ப இன்டீரியர் சார்’ என்று வங்கிக்காரரும் கூரியர்க்காரரும் சொல்கிறார்கள். உட்பகுதி என்று பொருள். தார்ச்சாலையிலிருந்து பார்த்தால் உள்ளே. கடற்கரையில் இறங்கி நாட்டுக்குள் போனவர்கள் பயன்படுத்திய சொல், இப்போது நெடுஞ்சாலையில் நிற்பவரின் சொல்லாகியிருக்கிறது. அதே நேரம் ‘ரிமோட் வில்லேஜ்’ என்பதன் நிழலாகத் ‘தொலைதூரக் கிராமம்’ செய்தித்தாளில் நிலைத்துவிட்டது. தொலைவும் தூரமும் ஒன்றேதான். நடுமத்தி போல, ஒரே பொருளைத் தமிழிலும் வடமொழியிலும் இருமுறை சொல்லி அழுத்தம் கொடுக்கும் வழக்கு இது. அழுத்தம் வந்தது. யாருக்குத் தொலைவு என்ற செய்தி போய்விட்டது.

குக்கிராமம் என்ற சொல்லை இன்னும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ‘கு’ என்ற வடமொழி முன்னொட்டு இழிவையும் சிறுமையையும் குறிப்பது. குதர்க்கம், குயுக்தி என்பவற்றில் இருப்பதும் அதுவே. நாம் பரிவோடு எழுதும்போதுகூட அந்த இழிவு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிற்றூர் என்று எழுதினால் அளவு மட்டும் சொல்லப்படும், மதிப்பு குறையாது.

யாருக்குத் தொலைவு?

தொலைவு எப்போதும் ஒருவருடைய தொலைவு. வேலூரே இதற்கு நல்ல சான்று. கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816இல் கடல் கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் குடும்பத்தின் கல்லறைகள் முத்துமண்டபம் என்ற பெயரில் இருக்கின்றன. கண்டிக்காரர்களுக்கு வேலூர் கண்காணாத தேசம். ஆனால் அந்த மன்னரோ தென்னாட்டு நாயக்கர் வழிவந்தவர். அவர் முன்னோர் புறப்பட்டுச் சென்ற நிலத்துக்கே அவரை நாடுகடத்தினார்கள்.

1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்று நாடறிந்த பெயர். மேற்கு வங்கம், சார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்குகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளும் மருந்துக்கடைப் பலகைகளும் வங்க எழுத்தில் தொங்குகின்றன. அவர்களுக்கு வேலூர்தான் மொழிபெயர் தேயம். அந்தப் பலகைகள்தாம் அவர்களுக்கு வழித்துணை.

இதன் மறுபக்கம் வலி மிகுந்தது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைப்பகுதியில் அல்லேரி இருக்கிறது. உலகமே தேடிவரும் மருத்துவமனை உள்ள நகரிலிருந்து அரைநாள் பயணம்கூட இல்லை. 2023 மே மாதம் அங்குள்ள ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. முறையான சாலை இல்லாததால் மருத்துவமனை சேர்வதில் தாமதமாகிக் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்சும் பாதி வழிக்கு மேல் ஏற முடியாமல் நிற்க, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். டாக்காவிலிருந்து வேலூருக்கு வழி இருந்தது. அல்லேரியிலிருந்து வேலூருக்கு அன்று இருக்கவில்லை. அந்த ஊரைத் தொலைதூர மலைக்கிராமம் என்று எழுதினால் குற்றம் மலையின் மேல் விழுகிறது. சாலை போடாத மலைக்கிராமம் என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்று தெரிகிறது.

அந்த மலையூர்களின் பெயர்களைக் கவனித்தால் மனம் கனக்கும். பல பெயர்கள் கொல்லை என்று முடிகின்றன. இந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் பயிர்செய்யும் மேட்டுநிலம். ‘கொல்லிக்குப் போறேன்’ என்றால் நிலத்துக்குப் போகிறேன் என்று பொருள். வேறு பகுதிகளில் அது வீட்டுப் பின்புறம். எப்படிப் பார்த்தாலும் வாசலுக்கும் கைக்கும் எட்டிய இடத்தின் பெயர். அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் ஊருக்கு வைத்த பெயரில் தொலைவு துளியும் இல்லை. அதை நாம்தான் கொண்டுபோய் ஒட்டினோம்.

மிகக் கொடிய தொலைவு மலையில்கூட இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிறது. ஒதுக்குப்புறம், ஊருக்கு வெளியே, ‘தூர நில்லு’ என்ற சொற்களை எந்தக் காதக் கல்லும் அளக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இறந்தவர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள் தலித் மக்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தால் அடைபட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கூப்பிடு தூரம்தான். குரல் கேட்கும், முகம் தெரியும், கால் போக முடியாது. உடம்பை அளவுகோலாக வைத்த நம் பழைய வாய்பாடு தோற்றுப்போகும் இடம் இது ஒன்றே.

சொல்லைத் தேரும்போது

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். தமிழ்ச் சொல்லிணைகளில் தொலைவு என்பது பெரும்பாலும் ஓர் உறவு அறுபடுவதன் பெயர். குரல் அறுபட்டால் கூப்பிடு தூரத்துக்கு அப்பால், பார்வை அறுபட்டால் கண்காணாத சீமை, பேச்சு அறுபட்டால் மொழிபெயர் தேயம், தண்ணீர் அறுபட்டால் தண்ணியில்லாக் காடு. ஆங்கில வழியில் வந்த மொபசலும் இன்டீரியரும் தொலைதூரக் கிராமமும் அந்த உறவை மறைத்து, ஊரை மட்டும் நகர்த்திவைக்கின்றன. அவற்றைத் துறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சில் வேர்விட்ட சொல்லைப் பிடுங்க முடியாது. ஆனால் எழுதுகிறவர்களும் செய்தி வாசிக்கிறவர்களும் ஆசிரியர்களும் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஓர் ஊரைத் தொலைவு என்று எழுதுமுன், எது அறுபட்டிருக்கிறது என்று கேட்டு, அந்தச் சொல்லையே எழுதலாம். பேருந்து போகாத ஊர், பாலம் இல்லாத ஊர், பள்ளிக்கூடம் எட்டாத ஊர், சுடுகாட்டுக்கு வழி மறிக்கப்பட்ட தெரு. எதிர்மறை அடை நம் மொழியின் பழைய செல்வம். அதைத் தவிப்பைச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளாமல், எது இல்லை என்று கணக்குக் கேட்கவும் பயன்படுத்தலாம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியும் தரலாம். ‘தூரம்’ என்ற சொல்லுக்குத் தங்கள் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் அம்மாவும் என்னென்ன அடைசொல் சேர்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். இந்தத் தோல் வட்டாரத்தின் ஒரு வகுப்பறையிலேயே தமிழ், உருது, தெலுங்கு மூன்றிலும் அந்தப் பட்டியல் கிடைக்கும். வேலைக்காகத் துபாய் போன அப்பாவைப் பற்றியும், எல்லையில் காவல் நிற்கும் அண்ணனைப் பற்றியும், மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியைப் பற்றியும் அதில் சொற்கள் வரும். நாம் இதுவரை அகராதியில் ஏற்றாத இணைகளும் வரக்கூடும்.

29 காதம் என்று எழுதிவிட்டு, எழுத்தறியாதவருக்காகக் குழிகளையும் பொறித்த அந்தக் கல்தச்சர் செய்ததும் இதைத்தான். அவர் தூரத்தைக் குறைக்கவில்லை. அது எவ்வளவு என்று நடக்கிறவரின் விரலுக்குத் தெரியும்படி சொன்னார்.